வேக்யூம் பெல்: பம்ப் மாற்றிய பிறகு எழுதுகிறேன்

போன மாதம் என் வேக்யூம் பெல்லின் பம்ப் போய்விட்டது. ரப்பர் பந்தை அமுக்கினால் வெளியேறிய காற்று அப்படியே திரும்பி உள்ளே வந்தது. வால்வு காலி. விற்ற கம்பெனிக்கு மெயில் போட்டேன். பம்ப் மட்டும் தனியாக அனுப்பலாம், ஆனால் கூரியர் செலவு பம்ப் விலையைவிடக் கூடுதல் என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. அதற்கு மேல் கஸ்டம்ஸ் வேறு. அந்தக் கடுப்போடுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கங்கே காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேக்யூம் பெல் என்றால் என்ன என்று முதலிலிருந்து விளக்கப் போவதில்லை. நெஞ்செலும்பு உள்வாங்கிப் பிறந்தவர்கள், ஆபரேஷன் வேண்டாம் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது இதுதான். சிலிக்கான் வளையம், நடுவில் கண்ணாடி மாதிரித் தெளிவான ஜன்னல், ஒரு குழாய், ஒரு பம்ப். நெஞ்சில் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சினால் எலும்பு மேலே வரும். என்னுடையது 19 சென்டிமீட்டர் சைஸ்.

எங்கள் வீட்டில் இதற்கு வேறு விளக்கம் உண்டு. பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்ட வந்த கிழவி நெஞ்சை ஒழுங்காக நீவிவிடவில்லை என்று ஆச்சி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாவம் அந்தக் கிழவி. விலா எலும்பையும் நெஞ்செலும்பையும் சேர்க்கிற குருத்தெலும்பு கோணலாக வளர்ந்து நெஞ்செலும்பை உள்ளே தள்ளுகிறது. பல குடும்பங்களில் வழிவழியாக வரும், பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அதிகம், வயதுக்கு வரும்போது குழி வேகமாக ஆழமாகும். எண்ணெய் தேய்த்து நீவுவதால் வருவதும் இல்லை, போவதும் இல்லை. ஆனால் திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றச் சொல்கிற இடத்தில் துண்டைக் குறுக்கே போட்டுக்கொண்டு நிற்கிறவனுக்கு இந்த விளக்கம் எல்லாம் ஆறுதல் இல்லை.

எனக்கு ஆபரேஷன் சொல்லவில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்து ஹாலர் இண்டெக்ஸ் பார்த்தார்கள். நெஞ்சின் உள் அகலத்தை, நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தால் வரும் எண் அது. சாதாரண நெஞ்சுக்கு இரண்டரைக்குப் பக்கத்தில் இருக்கும். 3.25-ஐத் தாண்டினால் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். நான் அதற்குக் கொஞ்சம் கீழே. இதயத்தைப் பார்க்கிற எக்கோ ஸ்கேனும் சரியாக இருந்தது. ஆபரேஷன் என்றால் இப்போது பெரும்பாலும் நஸ் முறை. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் டொனால்ட் நஸ் என்ற டாக்டர் ஆரம்பித்தது. வளைந்த உலோகக் கம்பியை உள்ளே விட்டு எலும்பைத் தூக்கி, இரண்டு மூன்று வருஷம் அப்படியே வைத்திருந்து அப்புறம் எடுப்பார்கள். அழகுக்காக அதெல்லாம் வேண்டாம் என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அதனால் பெல். உறிஞ்சித் தூக்கலாம் என்ற யோசனை புதிது இல்லை. 1910-லேயே ஜெர்மனியில் லாங்கே என்ற டாக்டர் எழுதியிருக்கிறார். நூறு வருஷத்துக்குக் கிட்டே கிடப்பில் கிடந்ததை எடுத்து இப்போதைய வடிவத்துக்குக் கொண்டு வந்தவர் எக்கார்ட் க்ளோபே என்ற ஜெர்மன் இன்ஜினியர். அவருக்கே குழி இருந்தது, தனக்காகச் செய்துகொண்டார். 2005, 2006 வாக்கில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்தின் பாசெலிலிருந்தும் குழந்தை அறுவை டாக்டர்கள் இதைப் பற்றிக் கட்டுரை எழுதிய பிறகுதான் மற்ற நாட்டு டாக்டர்கள் பார்வை இதன் மேல் விழுந்தது. என் பெல் எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போட்டபோது நடந்ததற்கு நான் தயாராக இல்லை. மல்லாக்கப் படுத்து, வளையத்தை அழுத்திப் பிடித்து, பம்பை நாலைந்து தரம் அமுக்கினேன். ஜன்னல் வழியே பார்த்தால், பிறந்ததிலிருந்து பள்ளமாகப் பார்த்துப் பழகிய இடம் மெதுவாக எழுந்து வருகிறது. தோல் உப்பி, மினுமினுத்து, ஊசி முனை அளவில் கருஞ்சிவப்புப் புள்ளிகளோடு ஜன்னலைத் தொடப் பார்க்கிறது. வலி என்று பெரிதாக இல்லை, ஒரு இறுக்கம். கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். தட்டை நெஞ்சு. எல்லாரையும் போல ஒரு நெஞ்சு. அதைப் பார்த்த சந்தோஷத்துக்கு விலை போட முடியாது. அன்றைக்குக் கொடுத்த காசு அன்றைக்கே செரித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் குழி திரும்பி வந்துவிட்டது.

அது குறை இல்லை, அப்படித்தான் இருக்கும். கழற்றின உடனே தெரிகிற தட்டையில் பாதி, தோலுக்கு அடியில் சேர்ந்த வீக்கம்தான். அது வடிந்ததும் எலும்பின் உண்மையான நிலை தெரியும். அதனால் அளக்கிறவர்கள் காலையில் எழுந்ததும், பெல் போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். நெஞ்சுக்குக் குறுக்கே ஸ்கேலை வைத்து, வெர்னியர் காலிப்பர் என்ற அளவுகருவியின் வால் குச்சியை இறக்கினால் ஆழம் வந்துவிடும். ராத்திரி கழற்றின கையோடு போட்டோ எடுத்து வெற்றி வெற்றி என்று போடுகிறவர்களை நம்பாதீர்கள்.

இப்போது என் ஒரே புகாருக்கு வருகிறேன். கசிவு.

இந்தப் பொருள் வேலை செய்வது ஒரே ஒரு நிபந்தனையில்: உள்ளே உள்ள அழுத்தம் குறைந்தபடியே இருக்க வேண்டும். வெளிக்காற்றைவிட 15 சதவீதம் வரை குறைக்கலாம் என்பது கணக்கு. உள்வட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்தால்கூடக் கிட்டத்தட்ட 12 கிலோ இழுவை. அதே 12 கிலோவை வளையம் சுற்றியுள்ள விலா எலும்புகளில் அமுக்கும். நடுவில் இழுப்பது வலிக்காமல் ஓரம் வலிப்பது அதனால்தான். வளையத் தடமும் அதனால்தான். சிவந்து போகும், சரியாகிவிடும் என்று பெல்லோடு வந்த குறிப்பில் போட்டிருக்கிறார்கள். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. என் நிறத்துக்கு அது கருத்து, கன்றி, வட்டமாக நிலைத்துவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

கசிவைப் பொறுக்க முடியவில்லை. என் ஊர் தூத்துக்குடி. ராத்திரி பத்து மணிக்கும் பனியன் முதுகோடு ஒட்டுகிற ஊர். வியர்வை ஊறியதும் சிலிக்கான் விளிம்பு வழுக்குகிறது. பிடிப்புக்கு வேஸ்லின் தடவச் சொல்கிறார்கள். வேஸ்லினோடு வியர்வை சேர்ந்தால் பெல் நகர்ந்தே போகும். நெஞ்சு முடியை மழித்தே ஆக வேண்டும், அது தெரிந்ததுதான். மழித்த அன்று நன்றாகப் பிடிக்கும். மூன்றாம் நாள் முளைக்கிற குத்து முடி இருக்கிறதே, அதற்கு முழு முடியே தேவலை. ஒவ்வொரு முனையும் விளிம்பைத் துளி தூக்கிவிடும். பஞ்சரான சைக்கிள் டியூப் மாதிரி, காது வைத்துக் கேட்டால்தான் அந்த ஸ்ஸ் சத்தம் வரும். நிமிர்ந்து உட்கார்ந்தால் கீழ் விளிம்பு வாய் திறக்கும். போன் வந்து திரும்பினால் மேல் விளிம்பு. இருமினால் மொத்தமும் போச்சு. ஏசி அறையில் அசையாமல் படுத்திருக்கிற ஆளுக்குத்தான் இதை வடிவமைத்திருக்கிறார்கள் என்று பல ராத்திரி திட்டியிருக்கிறேன்.

இத்தனை நாளும் அது ஒரு தொந்தரவு என்றுதான் வைத்திருந்தேன். பம்ப் போன பிறகுதான் கதை மாறியது. தெரிந்த கார் மெக்கானிக் ஒருவரிடம் பிரேக் ஆயில் மாற்றும்போது பயன்படுத்துகிற கைப்பம்ப் இருந்தது, மீட்டரோடு. குழாய் கச்சிதமாகச் சேர்ந்தது. 0.15 பார் வரை, அதாவது அந்த 15 சதவீதம் வரை, இழுத்து நிறுத்தினேன். சத்தமே இல்லை, பிடிப்பு உறுதியாக இருப்பதாகத்தான் உடம்பு சொன்னது. முள்ளைப் பார்த்தால் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பாதிக்கும் கீழே. தோல் உப்பினபடி இருப்பதால் ஜன்னலில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கஸ்டம்ஸ் வரியோடு சேர்த்து ஒரு நல்ல போன் வாங்குகிற காசைக் கொட்டி வாங்கிய பொருள். மெக்கானிக் கடைப் பம்பில் இருக்கிற ஒரு மீட்டரை இதில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? இரண்டு மணி நேரம் போட்டேன் என்று நான் எழுதி வைத்ததில் உருப்படியான இழுவை எத்தனை நிமிஷம் என்று யாருக்குத் தெரியும்? வருகிற பலன் மந்தமாக இருந்தபோதெல்லாம் வயதாகிவிட்டது, எலும்பு இறுகிவிட்டது என்று டாக்டரும் சொன்னார், நானும் தலையாட்டினேன். எலும்பு பாதி, கசிவு பாதி.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். மெக்கானிக் பம்பை நீங்கள் எடுக்காதீர்கள். அது 15 சதவீதத்தோடு நிற்காது, அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். ரத்தம் கட்டிக்கொள்ளும், அதற்கு மேலும் ஆகும். நான் மீட்டரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பெனி பம்பைத்தான், கூரியர் காசும் கட்டி, வரவழைத்தேன். மீட்டர் இல்லாத அதே பம்ப்.

சரி, பலன். ஆரம்பத்தில் காலை அளவு 26 மில்லிமீட்டர். இப்போது 17. இடையில் டெங்கு வந்து நிறுத்தியபோது கொஞ்சம் திரும்பப் போய், மறுபடி போட ஆரம்பித்ததும் வந்தது. சட்டை போட்டால் தெரியாது. கழற்றினால் தெரியும், ஆனால் பார்க்கிறவர் பார்வை அங்கேயே நிற்காது. துண்டு இல்லாமல் திருச்செந்தூர் போய் வந்தேன். லாட்ஜில் பெல் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன் என்பது முருகனுக்கும் எனக்கும் தெரிந்த விஷயம்.

இருபத்தைந்து வயதைத் தாண்டி ஆரம்பித்தவனுக்கு இது மோசமில்லை. எல்லாருக்கும் இவ்வளவாவது வருமா என்றால், வராது. அமெரிக்காவின் நார்ஃபோக்கில், நஸ் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் குழி அநேகமாக மறைந்தது. பாதிப் பேருக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரிப் பலன் இல்லை. யாருக்கு நன்றாக வந்தது? 11 வயதும் அதற்குக் கீழும், குழி ஒன்றரை சென்டிமீட்டருக்குள், நெஞ்சு நெகிழ்வாக, விடாமல் ஒரு வருஷத்துக்கு மேல் போட்டவர்கள். இந்த நான்கில் எனக்குக் கடைசி ஒன்றுதான் இருந்தது, அதுவும் டெங்குவோடு.

எனவே என் முடிவு: பெரியவர்கள் வாங்காதீர்கள். ஆழம் குறைவு, பொறுமை அதிகம், வீட்டில் ஏசி என்றால் உங்கள் இஷ்டம். ஆன்லைனில் இப்போது மலிவு நகல்கள் வந்துவிட்டன. விலை இறங்கியிருக்கிறதே என்று அந்தப் பக்கம் போகாதீர்கள். காசு கொடுத்த விளிம்பே இப்படிக் கசிகிறது, அது எப்படிப் பிடிக்கும்?

இதையெல்லாம் பாதி எழுதியிருக்கும்போதுதான் சித்தி போன் செய்தார். அவர் பையனுக்குப் பத்து வயது. அவனுக்கும் குழி தெரிய ஆரம்பித்திருக்கிறதாம். "நீ அந்த உறிஞ்சுற மிஷின சும்மாதான வச்சிருக்க, தம்பிக்குக் குடேன்" என்றார். சும்மா வைத்திருப்பதாக யார் சொன்னார்களோ.

அவனுக்கு வாங்கச் சொல்லிவிட்டேன். தயங்கவே இல்லை. முதலில் குழந்தை அறுவை டாக்டரிடம் காட்டி, எக்கோ எடுத்து, ரத்தம் உறையாத கோளாறு, எலும்பு நொறுங்கும் நோய், மார்ஃபான் என்கிற, ரத்தக் குழாயையும் பாதிக்கிற பரம்பரை நோய் மாதிரி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு. இருந்தால் பெல்லைத் தொடவே கூடாது. 16 சென்டிமீட்டர் சைஸ் போதும், என்னுடையது அவன் நெஞ்சில் தோள் வரை போகும். முதல் நாலைந்து வாரம் தினம் இரண்டு வேளை, வேளைக்கு அரை மணி, அப்புறம் மெதுவாகக் கூட்டலாம். முதல் தடவை டாக்டர் முன்னால்தான் போட வேண்டும். அவனுக்கு மழிக்கிற வேலை இன்னும் பல வருஷத்துக்கு இல்லை, அந்தப் பொறாமை எனக்கு உண்டு.

"புதுசு எதுக்குடா, அவ்வளவு காசு போட்டு? உன்னுடையதையே கொஞ்ச நாள் குடேன்" என்று மறுபடி கேட்டார். சைஸ் பொருந்தாது என்று சொன்னேன். பொருந்தினாலும் தர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன், 17 இன்னும் 15 ஆகவில்லை. சித்தி கொஞ்சம் கோபமாகத்தான் போனை வைத்தார்.