பானையா, சொட்டு நீரா?

செடிக்குத் தண்ணீர் கொடுக்க, பக்கத்தில் பானையைப் புதைத்து நீரைக் கசியவிடுவதா, குழாய் போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுவதா? ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு வரும் குழப்பம்தான் இது.

செலவு: பத்துச் செடிக்குழிக்குள் என்றால் பானைதான் மலிவு. மெருகு பூசாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீரூற்றி மூடினால் போதும். ஐம்பது செடி என்றால் சொட்டு நீர்.

உழைப்பு: ஏழு லிட்டர் பானையை மூன்று நான்கு நாளுக்கொருமுறை நிரப்ப வேண்டும். சொட்டு நீருக்கு, நாலடி மேடையில் ஒரு டிரம், அடியில் ஒரு வடிகட்டி. குழாயைத் திறந்தால் வேலை முடிந்தது.

நீர்: நீரை மிச்சப்படுத்துவதில் பானையை மிஞ்ச எதுவுமில்லை. சுற்றியுள்ள மண் காய்ந்தால் கசிவு கூடும், ஈரமானால் தானாகக் குறையும். மேல்மண் உலர்ந்தே கிடப்பதால் களையும் குறைவு.

ஆயுள்: உப்புத் தண்ணீர் இரண்டுக்கும் எதிரி. பானையில் வெள்ளையாகப் படிந்து துளைகளை அடைக்கும், குழாயில் நீர் சொட்டும் சிறு வாயான சொட்டுவானையும் அடைக்கும். குழாய்க்கு அணில் தொல்லை வேறு. போன கோடையில் என் குழாயில் பதினோரு கடி!

பாகல், புடலை, பூசணிக்குப் பானை. வரிசையாக வைத்த முருங்கை, எலுமிச்சைக்குச் சொட்டு நீர். மரவேர் பானையை உடைத்துவிடும்.