21 வெள்ளிக்குக் கேலக்சி மோதல்: சுங்கை சிப்புட்டில் ஒரு கூடாரக் காட்சி

போன சனிக்கிழமை எங்கள் கோயில் மண்டபத்தில் காற்றடைத்த கூடாரம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். உள்ளே படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கலாமாம். "கேலக்சிகள் மோதும் காட்சி, 25 நிமிடம்" என்று நோட்டீஸ். கேலக்சி என்றால் கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த பெரிய கூட்டம். பெரியவருக்கு 8 வெள்ளி (ரிங்கிட்), பிள்ளைக்கு 5. நான், மனைவி, ஆண்டு 4 படிக்கும் பேத்தி, ஆக 21 வெள்ளி. பெரிய பணம் இல்லைதான். ஆனால் நான் செம்பனை ஆலையில் 31 வருடம் எடைமேடைக் கிராணியாக இருந்தவன். லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, குலையைக் கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை, நடுவில் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். அந்தப் பழக்கத்தில் இந்தக் காட்சியையும் எடை போடுகிறேன். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம், இளவட்டங்கள், இப்போதுதான் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள்.

7.30 என்றார்கள், 8.10 ஆனது. நுழைவாயில் நாய்க்கூண்டு வாசல் அளவுதான், முழங்கால் போட்டுத் தவழ்ந்துதான் போக வேண்டும். உள்ளே தரையில் மெல்லிய பாய். முப்பது பேர் என்று சொன்ன இடத்தில் நாற்பது பேர். கூடாரம் சரியாமல் நிற்கக் காற்றூதும் எந்திரம் விடாமல் ஓடுகிறது. அந்தச் சத்தத்தோடு சத்தமாகப் படத்தைக் கேட்க வேண்டும். வெக்கை வேறு. என் மனைவி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "இதுக்கு நம்ம வீட்டு ஐந்தடியிலேயே உட்கார்ந்து வானத்தைப் பார்த்திருக்கலாம்" என்றாள்.

படம் அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். தலைக்கு மேலே முழு வானமும் சுழலும்போது பிள்ளைகள் போட்ட சத்தம் ஒன்றே 5 வெள்ளி பெறும். ஆனால் தமிழ்க் குரல் இருக்கிறதே, அது எந்திரமா மனிதனா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேலக்சியைப் 'பேரடை' என்றே சொன்னது. நல்ல தமிழ்ச் சொல்தான். பேத்தி என் காதில், "தாத்தா, பெரிய அடையா? ரெண்டு அடை மோதுதா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் உருவம் அடையைவிட ஆப்பத்துக்குத்தான் பொருந்தும். நடுவில் மேடு, ஓரத்தில் மெல்லிசு. நாம் இருக்கும் கேலக்சியான பால்வெளியும் அப்படித்தான், குறுக்கே ஏறக்குறைய 1 லட்சம் ஒளி ஆண்டு.

அடுத்து அந்தக் குரல், "25 லட்சம் ஒளி ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்ட்ரோமீடா நம்மை வந்தடையும்" என்றது. எனக்குச் சுருக்கென்றது. ஒளி ஆண்டு என்பது ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம், காலம் இல்லை. நமக்குப் பக்கத்துப் பெரிய கேலக்சியான ஆண்ட்ரோமீடா இருப்பது 25 லட்சம் ஒளி ஆண்டு தூரத்தில். "மூன்று மைல் கழித்துச் சாப்பிட வா" என்று யாராவது சொல்வார்களா?

பிறகு அந்த மோதல். இரண்டு கேலக்சியும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் "டமார்" என்று ஒரு வெடி! நெருப்புக் கோளங்கள் பறக்கின்றன, நட்சத்திரம் நட்சத்திரத்தோடு முட்டிச் சிதறுகிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் அழுதே விட்டான். தீபாவளிக்கு வெடி போட்ட மாதிரி இருந்ததே தவிர, அங்கே நடப்பது அது இல்லை. அது எனக்கே அன்று ராத்திரிதான் முழுதாக விளங்கியது. விளங்கியது படத்தால் இல்லை, கரண்டு போனதால்.

வெளியே டிக்கெட் மேசையில் யாரோ மைலோ கலக்க மின்கெண்டியை அதே பிளக்கில் மாட்டியிருக்கிறார்கள். டிரிப் ஆகி எல்லாம் நின்றது. படம் நின்றது, காற்றூதியும் நின்றது. கூடாரம் மெதுவாக எங்கள் மேல் இறங்க ஆரம்பித்தது. "இதுதான் மோதலா?" என்று ஒரு பிள்ளை கேட்க, எல்லாரும் சிரித்துக்கொண்டே தவழ்ந்து வெளியே வந்தோம்.

காட்சியை நடத்த வந்திருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். ஈப்போ பக்கம், பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கிறதாம். அது பதறவில்லை. "அங்கிள், ஆன்டி, பத்து நிமிஷம் வெளிய நிப்போம், நான் கையாலேயே காட்டுறேன்" என்று சொல்லி, பூசைத் தட்டில் இருந்து ஓர் எலுமிச்சம்பழத்தைக் கேட்டு வாங்கியது.

"இதுதான் சூரியன்னு வெச்சுக்குங்க. நாலு சென்டிமீட்டர். நமக்குப் பக்கத்து நட்சத்திரம் புரோக்சிமா. அது எவ்வளவு பெருசு தெரியுமா? ஒரு மிளகு. எங்க இருக்கும்?"

ஒருவர் தேர்முட்டி என்றார், ஒருவர் கோலகங்சார் என்றார்.

"கூச்சிங்ல."

கடல் தாண்டி, சரவாக்கில். எப்படியும் மிளகு அங்கிருந்துதானே வருகிறது என்று ஒருவர் சொன்னார். வீட்டுக்கு வந்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புரோக்சிமா 4.2 ஒளி ஆண்டு தூரம். சூரியனின் அகலம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். அந்த அளவுக்குச் சுருக்கினால் 1,100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. இங்கிருந்து கூச்சிங்குக்கு ஆகாய வழியில் ஏறத்தாழ அவ்வளவுதான். பெண் கணக்கில் சுத்தம்.

இப்போது ஆப்பத்துக்கு வருவோம். நம் கேலக்சி ஒரு சாண் ஆப்பம் என்றால், ஆண்ட்ரோமீடா அதைப் போல் 25 மடங்கு தூரத்தில், அதாவது ஐந்து மீட்டர் தள்ளி, அதே சாப்பாட்டுக்கடையின் அடுத்த கோடி மேசையில் இருக்கிறது. நட்சத்திரங்களுக்கு நடுவில் இருப்பதோ அவற்றின் அகலத்தைப் போல் கிட்டத்தட்ட 3 கோடி மடங்கு வெளி. அதனால் ஆப்பமும் ஆப்பமும் முட்டிக்கொள்ளும், எலுமிச்சையும் மிளகும் முட்டிக்கொள்ளாது. இரண்டு கேலக்சியின் நட்சத்திரங்களும் ஒன்றினூடே ஒன்று புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். இந்த ஒரு விஷயத்தை 25 நிமிடப் படத்தில் சொல்லவே இல்லை.

"அப்ப மோதுறது எது?" என்று நான் கேட்டேன்.

வாயு என்றது அந்தப் பெண். நட்சத்திரங்களுக்கு நடுவில் பரந்து கிடக்கும் வாயுவும் தூசியும். சாம்பிராணிப் புகை இரண்டு பக்கமிருந்து வந்தால் கலக்காமல் போகுமா? அந்த மேகங்கள் ஒன்றையொன்று அமுக்கும், அமுங்கிய இடத்தில் புது நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கும். சாவு நடக்கும் என்று படம் காட்டிய இடத்தில் நடப்பது பிரசவம். பிறகு வாயு தீர்ந்துபோகும், புதுப் பிறப்பு நின்றுபோகும், இரண்டும் கலந்து உருண்டையாக, சிவப்புத் தட்டிய ஒரே கேலக்சியாக அடங்கும். ஒரே முட்டில் இது நடந்துவிடாது. ஒன்றை ஒன்று கடந்து போய், இழுப்புத் தாங்காமல் திரும்பி வந்து, மறுபடி கடந்து, இப்படியே கோடிக்கணக்கான வருடம்.

அப்புறம் அது செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பெரிய பிள்ளைகளிடம் கைப்பேசி விளக்கைப் போடச் சொன்னது. கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு கூட்டம். ஒவ்வொரு கூட்டமும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே அடுத்த கூட்டத்துக்குள் நடக்க வேண்டும். இருட்டில், கோயில் வாசல் ஈரத்தரையில் இருபத்து நாலு வெளிச்சம் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்காரர் தே தாரிக் இழுப்பதை நிறுத்திவிட்டார். உள்வட்டத்தில் இருந்தவர்கள் நெருக்கமாகவே போனார்கள், ஓரத்தில் இருந்தவர்கள் பின்தங்கி நீளமாக வால் மாதிரி இழுபட்டார்கள். "பாருங்க, வால்! நிஜத்துலயும் இப்படித்தான் ஓரத்து நட்சத்திரம் எல்லாம் நீண்டு தொங்கும்" என்று அது கத்தியது. இரண்டு பையன்கள் மட்டும் தலையை முட்டிக்கொண்டார்கள். நட்சத்திர மோதல் என்று பார்த்தால் அன்று நடந்தது அது ஒன்றுதான்.

இது தன் யோசனை இல்லை என்றும் அது சொன்னது. 1941இல், கணினி இல்லாத காலத்தில், எரிக் ஹோல்ம்பெர்க் என்ற சுவீடன்காரர் கேலக்சிக்கு 37 என்று 74 மின்விளக்குகளை மேசையில் பரப்பி இதைத்தான் செய்தாராம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும், ஈர்ப்பு விசையும் அதே மாதிரிதான். அதனால் ஒவ்வொரு விளக்கு இருக்கும் இடத்திலும் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளந்தால் ஈர்ப்பை அளந்த மாதிரி. அளந்து, விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அளந்து. எடைமேடைக் கிராணிக்கு இதைவிட வேறென்ன கதை வேண்டும்? வால்களைக் கணினியில் போட்டுக் காட்டியது பிறகு 1972இல், டூம்ரே என்ற அண்ணன் தம்பி.

நிஜத்தில் இப்போதே மோதிக்கொண்டிருக்கும் ஜோடியையும் கைப்பேசியில் படமாகக் காட்டியது. ஆன்டெனா கேலக்சிகள், பூச்சியின் மீசை மாதிரி இரண்டு நீள வால். 1785இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. இருக்கும் இடம் காக்கை மண்டலம், அதாவது நம் அஸ்த நட்சத்திரத்தின் பக்கம். என் மனைவி அஸ்தம். "எங்க நட்சத்திரத்திலயா இந்தச் சண்டை?" என்று என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

கரண்டு வந்த பிறகும் நான் விடவில்லை. ஆண்ட்ரோமீடா வினாடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று படம் சொன்னது, நிலா தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் கடக்கிற வேகம். தூரத்தை வேகத்தால் வகுத்தேன், 680 கோடி வருடம் வந்தது. படமோ 400 கோடி என்கிறது. யார் கணக்குத் தப்பு? பெண் சிரித்தது. "ரெண்டும் சரி அங்கிள். கிட்ட வர வர வேகம் கூடும், மேட்டுலேர்ந்து இறங்குற லாரி மாதிரி." சரி. ஆனால் அந்த 400 கோடியே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறதாம். ஹப்பிள் தொலைநோக்கியை வைத்து 2012இல், நேருக்கு நேர் மோதப் போகிறது என்று அறிவித்தார்கள், படம் அதோடு நின்றுவிட்டது. 2025இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகக் குழு ஒன்று கையா விண்கலம், ஹப்பிள் இரண்டின் அளவுகளையும் வைத்து மறுபடி கணக்குப் போட்டது. பெரிய மெகல்லன் மேகம் என்ற சின்ன கேலக்சி நம்மைப் பக்கவாட்டில் இழுப்பதையும் இந்தத் தடவை சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த 1000 கோடி வருடத்தில் மோதுவதற்குப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்று வந்தது. எடைச் சீட்டில் ஒரு லாரியை விட்டுவிட்டால் மாதக் கணக்கே மாறுவதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் ஆச்சரியப்படவில்லை. அந்த மேகம் டிசம்பர், ஜனவரி இரவுகளில் நமக்குத் தெற்கே தாழ்வாக இருக்கும். எங்கள் ஊருக்குத் தெற்கே ஈப்போ வெளிச்சம். தெரிந்தால்தானே.

மோதினால் பூமி என்னாகும் என்று ஓர் அம்மா கவலையோடு கேட்டார். அதற்கு ரொம்ப முன்னாலேயே, இன்னும் 100 கோடி வருட வாக்கில், சூரியன் பத்தில் ஒரு பங்கு பிரகாசம் கூடிக் கடலை வற்றவைத்துவிடும் என்றது. "அப்ப நமக்கு டிக்கெட்டே இல்லை" என்றாள் என் மனைவி.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: படத்துக்கு ஐந்துக்கு 2, அதுவும் அழகுக்காக. இடவசதிக்கு 1. அந்தப் பெண்ணுக்கு 5, இருந்தால் இன்னும் கொடுப்பேன். நடத்துபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்த வெடிச் சத்தத்தைத் தூக்கிப் போடுங்கள், விண்வெளியில் சத்தம் பரவக் காற்றே கிடையாது. தமிழ்க் குரலையும் தூக்கிவிட்டு அந்தப் பெண்ணையே பேசவிடுங்கள். எலுமிச்சம்பழம் நாற்பது காசுதான் ஆகும்.

உங்கள் ஊருக்கு வந்தால் போங்கள், இரண்டாவது காட்சிக்குப் போங்கள், அதற்குள் பிளக்கில் இருப்பதைக் கழற்றியிருப்பார்கள். கழுத்துக்கு ஒரு சின்னத் தலையணை நல்லது. ஆண்கள் வேட்டியில் போக வேண்டாம். தவழ்ந்து வெளியே வரும்போது பின்னால் வந்த பையன் நுனியை மிதித்துவிட்டான், மீதியை என் பேத்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.