டீம் லீடையே மேனேஜர் ஆக்குவதா, வெளியிலிருந்து ஒருவரை எடுப்பதா?

சென்னை ஓஎம்ஆரில் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் சாஃப்ட்வேர் டீம், அமெரிக்க கிளையன்ட், சாயங்காலமானால் கான்ஃபரன்ஸ் கால். இதற்கு ஒரு புராஜெக்ட் மேனேஜர் தேவைப்பட்டபோது எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. கோட் எழுதிக்கொண்டே ஜூனியர்களையும் பார்த்துக்கொண்டிருந்த டீம் லீடிடம் பொறுப்பைக் கொடுக்கலாம், அல்லது புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி சான்றிதழும் பெரிய கம்பெனி அனுபவமும் உள்ள ஒருவரை வெளியிலிருந்து எடுக்கலாம். நாங்கள் டீம் லீடையே மேனேஜர் ஆக்கினோம், இன்றைக்குக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன், அதனால் நடுநிலையான அலசல் தேடி வந்தவர்கள் கொஞ்சம் உஷாராகவே படியுங்கள்.

மேனேஜரே எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. 2002இல் கூகுள் இன்ஜினியரிங் மேனேஜர்களையே எடுத்துவிட்டுப் பார்த்தது. செலவுக் கணக்கிலிருந்து ஆளுக்கு ஆள் மனஸ்தாபம் வரை எல்லாம் நேராக நிறுவனர் லாரி பேஜிடமே போய் நிற்க, சில மாதங்களில் அதைக் கைவிட்டார்கள். அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

ஜிரா, எக்செல், கான்ட் சார்ட் இதெல்லாம் யார் வந்தாலும் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். சம்பள விஷயத்தில், உள்ளே இருப்பவர் மலிவு என்று எச்ஆர் போடும் கணக்கு பாதிதான் சரி. மேனேஜர் கிடைத்த அன்றே ஒரு நல்ல டெவலப்பர் கையைவிட்டுப் போகிறார், அந்த இடத்துக்கும் ஆள் பார்த்தாக வேண்டும். வெளியாள் என்றால் பல கம்பெனிகளில் 90 நாள் நோட்டீஸ் பீரியட், அதற்குள் இன்னொரு ஆஃபரை வாங்கிக்கொண்டு நழுவிவிடுவதும் நடக்கும். செலவைப் பொறுத்தவரை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சான்றிதழைக் கிண்டல் செய்வது நம் ஊர் டெவலப்பர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அதில் நான் சேர மாட்டேன். பிஎம்பிக்கு விண்ணப்பிக்கவே 35 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதற்கு மேல் வருடக்கணக்கில் புராஜெக்ட் நடத்திய அனுபவம் வேண்டும். 2021இல் வந்த பாடத்திட்டத்தில் 42 சதவீதக் கேள்விகளை ஆட்களைக் கையாளும் பகுதிக்கே ஒதுக்கியிருந்தார்கள், ஆகவே சான்றிதழ்க்காரருக்கு மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்வது அநியாயம். ஆனால் நான்கு விடைகளில் ஒன்றை டிக் செய்வது வேறு, வெள்ளிக்கிழமை மாலை முகம் வாடி உட்கார்ந்திருக்கும் ஒரு பையனிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பது வேறு.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே விஷயம்தான்: கெட்ட செய்தி மேனேஜர் காதுக்கு எவ்வளவு சீக்கிரம் வந்து சேருகிறது. மற்ற எல்லாத் திறமையும் இதற்கு அப்புறம்தான். சாஃப்ட்வேர் வேலை எவ்வளவு முடிந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, செய்கிறவன் வாயால் சொன்னால்தான் உண்டு. அவனும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. செவ்வாய்க்கிழமை “தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்சுது” என்பவன் அதை நம்பித்தான் சொல்கிறான், வெள்ளிக்கிழமையும் அதே தொண்ணூறில்தான் நிற்பான். இப்படித்தான் தர்பூசணி ஸ்டேட்டஸ் உருவாகிறது, ரிப்போர்ட்டில் மேலே பச்சை, வெட்டிப் பார்த்தால் சிவப்பு.

எங்கள் புராஜெக்டில் பேமென்ட் கேட்வே இணைக்கும் வேலை ஒரு ஜூனியரிடம் இருந்தது. எல்லோரும் கூடி வேலை நிலவரம் சொல்லும் ஸ்டாண்டப் மீட்டிங்கில் தினமும் “போயிட்டிருக்கு, நாளைக்கு முடிஞ்சிடும்” என்றே வந்துகொண்டிருந்தது. (நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன என்ற மூன்று கேள்விகளை, இந்த வேலைமுறையை வகுத்த ஸ்க்ரம் கையேடே 2020இல் எடுத்துவிட்டது, நாம்தான் இன்னும் பஜனை மாதிரி பாடிக்கொண்டிருக்கிறோம்.) புதிதாக மேனேஜர் ஆனவர் ஸ்டாண்டப்பில் வைத்து எதையும் கிளறவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு அவன் சீட்டுக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கஸ்டமர் பணம் கட்டும்போது நெட் போயிடுச்சுன்னு வச்சுக்கோ, திரும்ப ஒரு தடவை அமுக்குறாரு. என்ன ஆகும்? ஓட்டிக் காட்டு.”

அவன் உடனே ஓட்டிக் காட்டவில்லை. கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துவிட்டு, “ரெண்டு தடவை பணம் போயிடுது அண்ணா. மூணு நாளா அதுலதான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன்” என்றான்.

“சரி. எரர் லாக்கை எனக்கு அனுப்பிட்டு நீ வேலையைப் பாரு, கிளையன்ட்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

ரிலீஸ் ஒரு வாரம் தள்ளித்தான் போனது. ஆனால் தள்ளிப்போகும் என்ற விஷயம் கிளையன்டுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் அவர்கள் மார்க்கெட்டிங் வேலையை மாற்றி வைத்துக்கொண்டார்கள், கத்தல் எதுவும் இல்லை. இதில் இரண்டு திறமைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எங்கே உடையும் என்று தெரிந்து கேட்டது ஒன்று. அந்த கோடில் கை வைத்துப் பழகியவருக்குத்தான் அப்படிக் கேட்க வரும். தனியாகக் கேட்டு, சொன்னவனைக் காட்டிக்கொடுக்காமல் சுமையைத் தான் வாங்கிக்கொண்டது இன்னொன்று. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்தால் அது போலீஸ் விசாரணை. இப்படி ஒருமுறை நடந்த பிறகு டீமில் மற்றவர்களும் சிக்கல் என்றால் தாங்களே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள், அதற்கென்று தனி மீட்டிங் எதுவும் போட வேண்டியிருக்கவில்லை.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இதற்கு நேர்மாறாகப் பார்த்தேன். வெளியிலிருந்து வந்த மேனேஜர், கெட்டிக்காரர், ஷீட் எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஒருநாள் கிளையன்ட் காலில் ஒரு பெண் தன் மாட்யூல் தாமதமாகும் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டாள், அவர் அத்தனை பேர் முன்னாலும் “ஏன் முன்னாடியே சொல்லலை?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான், கேட்ட இடம்தான் தப்பு. அடுத்த வாரம் ஷீட்டில் ஒரு வரிகூட விடாமல் எல்லாம் பச்சை. அவருக்கும் அது சந்தோஷம்தான்.

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கான அரசுத் தளம் ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது முதல் நாளில் பதிவை முழுதாக முடித்தவர்கள் ஆறே பேர். பின்னால் அரசின் தணிக்கைப் பிரிவு எழுதிய அறிக்கையைப் பார்த்தால், எச்சரிக்கைகள் வராமல் இல்லை, வந்துகொண்டே இருந்ததில் மேலே இருந்தவர்களுக்குக் கெட்ட செய்தி மரத்துப்போய்விட்டது என்று இருக்கிறது. செய்தி காதில் விழுந்தால் மட்டும் போதாது, யார் எந்தக் குரலில் சொல்கிறார் என்று ஆளை அறிந்து எடைபோடவும் தெரிய வேண்டும். எப்போதும் புலம்புகிறவர் “கஷ்டம்” என்பதற்கும், வாயே திறக்காதவர் “கொஞ்சம் கஷ்டம் போல” என்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த டீமோடு டீ குடித்தவருக்குத்தான் சட்டென்று தெரியும்.

என் பக்கத்துக்கு எதிராக ஒரு வலுவான ஆதாரம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கூகுள் தன் மேனேஜர்களைப் பற்றி நடத்திய ‘புராஜெக்ட் ஆக்சிஜன்’ ஆய்வில் நல்ல மேனேஜருக்கு எட்டுக் குணங்களைப் பட்டியலிட்டார்கள், நல்ல பயிற்சியாளராக இருப்பது முதலிடம், தொழில்நுட்ப அறிவு கடைசி. அப்படியானால் நல்ல டெவலப்பர் நல்ல மேனேஜர் ஆவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, உண்மைதான். ஆனால் கடைசி என்றாலும் அது பட்டியலுக்குள் இருக்கிறது. தவிர, நான் சொல்வது டீமிலேயே மிகச் சிறந்த கோடரை மேனேஜர் ஆக்குங்கள் என்பதல்ல. யாரிடம் மற்றவர்கள் போய்த் தங்கள் குழப்பத்தைச் சொல்கிறார்களோ அவரை ஆக்குங்கள் என்கிறேன். பெரும்பாலும் இருவரும் வேறு வேறு ஆட்கள்.

உள்ளே இருந்து வருபவருக்குத் தடுக்கிற இடங்களும் உண்டு. கிளையன்ட் “இது சின்ன மாற்றம்தானே” என்று ஆரம்பிக்கும்போது முடியாது என்று சொல்ல நம்மவருக்கு நாக்கு எழுவதில்லை, வெளியாள் அதை சிரித்துக்கொண்டே சேஞ்ச் ரிக்வெஸ்டாக மாற்றிப் பில் போட்டுவிடுவார். எங்கள் ஆளுக்கு இது வருவதற்கு ரொம்ப நாள் ஆயிற்று, அதுவரை கிளையன்ட் கால் நடக்கும்போதெல்லாம் இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. கீபோர்டிலிருந்து கையை எடுக்க வைப்பதும் பெரும்பாடு, “நானே அரை மணி நேரத்துல முடிச்சிடுறேன்” என்று ஜூனியர் வேலையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்ரைசல் எல்லாவற்றையும்விட மோசம். நேற்று வரை தோளில் கை போட்டுப் பேசிய நண்பனுக்கு இன்று சராசரி ரேட்டிங் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும். முதல் சுழற்சியில் எங்கள் ஆள் எல்லோருக்கும் ஒரே மாதிரி நல்ல ரேட்டிங் போட்டு அனுப்ப, மேலிடம் திருப்பி அனுப்பியது. இதில் வெளியாளுக்குச் சந்தேகமில்லாமல் கை ஓங்கியிருக்கும்.

நான் சொல்வதெல்லாம் ஒரே அறையில் உட்காரும் சின்ன டீமுக்கு. நூறு பேர், நாலு வெண்டார், ஃபிக்ஸட் பிரைஸ் ஒப்பந்தம் என்று போனால் பேரமும் ஒப்பந்த வரிகளும்தான் பாதி வேலை, அங்கே அனுபவமுள்ள வெளியாளே மேல் என்று படுகிறது, ஆனால் அந்த அளவில் நான் நேரடியாகப் பார்த்தது குறைவு. முழுக்க வீட்டிலிருந்து வேலை செய்யும் டீமிலும் நாற்காலியை இழுத்துப் போட வழியில்லை, அங்கே என் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பது சந்தேகம்தான்.

உள்ளே பொருத்தமான ஆள் இல்லை, வெளியில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் இன்டர்வியூவில் ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: “கடைசியாக உங்கள் புராஜெக்ட் ஒன்று தேதி தாண்டப்போகிறது என்பது உங்களுக்கு முதலில் எப்படித் தெரிந்தது?” டாஷ்போர்டில் பார்த்தேன், வாராந்திர ரிப்போர்ட்டில் வந்தது என்றால் நான் தயங்குவேன். டெஸ்டிங் பெண் ஒருத்தி மதியம் சாப்பிடும்போது சொன்னாள் என்கிற மாதிரி ஏதாவது பதில் வந்தால், அதற்கப்புறம் அந்தப் பெண்ணின் பெயர் கிளையன்ட் காலில் வந்ததா என்று அடுத்த கேள்வியைக் கேட்பேன்.