ஸ்விஃப்டின் போர் எதிர்ப்புப் பிரசுரம்: டர்பன் மறுபதிப்பை வாங்கலாமா?

ஸ்பெயின் அரியணைக்காக பிரிட்டனும் டச்சுக்காரர்களும் ஓரணியாக நின்று பிரான்சோடு நடத்தியது ஸ்பானிய வாரிசுரிமைப் போர். அதை முடிக்கச் சொல்லி, ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட் 1711 நவம்பரில் வெளியிட்ட ‘நேச நாடுகளின் நடத்தை’யை, ஆர்டர் கொடுத்தால் ஆங்கில மூலத்திலேயே அச்சிட்டுத் தருகிறது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடை ஒன்று. தாளும் பைண்டிங்கும் நன்று. குறையெல்லாம் உள்ளே.

பழைய பக்கத்தைப் படமாக அச்சிடாமல், கணினியை வாசிக்கவிட்டு எழுத்துக் கோத்திருக்கிறார்கள். பார்க்க ‘எஃப்’ (f) போலவே இருக்கும் அக்கால நீள ‘எஸ்’ஸைக் (ſ) கணினி ‘எஃப்’ என்று எடுத்துக்கொள்கிறது. ‘சேம்’ (same) என்பது ‘ஃபேம்’ (fame) ஆகிவிடுகிறது. அதுவும் சரியான சொல்தான் என்பதால் பிழைதிருத்தியில் சிக்காது. பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்து முதல் சொல்லை அச்சிடுவது அன்றைய வழக்கம். அதுவும் வாக்கியத்துக்குள் புகுந்து சொல் இரட்டிக்கிறது.

இதைவிட உறுத்துவது, எந்தப் பதிப்பு என்ற குறிப்பே இல்லாதது. இரண்டே மாதத்தில் 11,000 பிரதி விற்ற நூல் இது. பதிப்புகள் மளமளவென வந்தன. அரியணை வாரிசு பற்றிய ஒரு பகுதிக்காக அச்சிட்டவரைத் தலைமை நீதிபதி மிரட்ட, நான்காம் பதிப்பில் ஸ்விஃப்ட் அதை மாற்றினார். அந்த இடம் எந்த வடிவில் இருக்கிறதென்று பார்க்காமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

ஆர்டர் கொடுக்கும்போதே பக்கப்படப் பிரதியாகக் கேளுங்கள். பிரான்சைத் தடுக்கும் எல்லைக் கோட்டைகள் குறித்து டச்சுக்காரர்களோடு பிரிட்டன் 1709இல் செய்த தடுப்பரண் ஒப்பந்தம் பற்றி அவர் 1712இல் எழுதிய தொடர்ச்சியையும் சேர்த்து பைண்ட் பண்ணச் சொல்லுங்கள். ஒப்பந்த வாசகமே அதில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி அப்போது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்ததால், டச்சுக்காரர் மீதான அவர் கோபம் தென்னாப்பிரிக்க வாசகருக்குக் கூடுதல் சுவை தரும்.