போஸ்ட்கிரெஸ் 17: இலைக் கணக்கில் ஓட்டிப் பார்த்தேன்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பாக்டரிக்கு நான்தான் சாஃப்ட்வேர் பார்க்கிறேன். கணக்கெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. பட்டுவாடா வாரம் வந்தால் இலை எடுக்கும் ஒவ்வொரு ரூட்டுக்கும் 600 சொச்சம் உறுப்பினர் எண்களை, 'இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும்' என்று கேட்கும் 'ஐஎன்' (IN) அடைப்புக்குள் அடுக்கி, தினசரி எடையை எடுக்க வேண்டும். மாதத்துக்கு 30 நாள், 30 தடவை. அப்புறம் உரம், முன்பணம் பிடித்தம் எல்லாவற்றுக்கும் மறுபடி அதே பட்டியல். கணக்கு பார்க்கும் அக்கா டீ குடித்துவிட்டு வந்து, "என்ன தம்பி, இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கா?" என்பார்.

போஸ்ட்கிரெஸ் 16ஆம் பதிப்பு வரை, பட்டியலின் ஒவ்வொரு எண்ணுக்கும், தேடலுக்கென மரம்போல அடுக்கிய இன்டெக்ஸின் உச்சியிலிருந்து தனியாக இறங்கித் தேடும். 101, 102, 103 மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தாலும் மூன்று தடவை இறங்கும். இலை எடுக்கப் போகும் லாரி, வீட்டுக்கு வீடு பாக்டரியிலிருந்தே புறப்பட்டால் எப்படி இருக்கும்? 2024 செப்டம்பரில் வந்த 17, ஒரே டிரிப்பில் அடுத்தடுத்த வீடுகளையும் முடித்துக்கொள்கிறது. டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்வியில் (குவெரி) ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. எடையும் இன்டெக்ஸிலேயே இருக்கிறது. தேடல் எப்படி நடக்கிறது என்று காட்டும் 'எக்ஸ்பிளெய்ன்' போட்டுப் பார்த்தால், 1,800ஐ ஒட்டி இருந்த பஃபர் எண்ணிக்கை, அதாவது தொட்ட பக்கங்கள், இருபதுக்குள் நிற்கிறது. ஒரு ரூட் அறிக்கை 11 விநாடியிலிருந்து நாலுக்கு வந்தது.

ஊர்வாரியாக வரிசையாக எண் கொடுத்திருந்ததால்தான் இவ்வளவு லாபம். பிற்பாடு சேர்ந்தவர்களின் எண்கள் சிதறிக் கிடக்கும் ரூட்டில் வித்தியாசம் கொஞ்சம்தான்.

ஒரு சொதப்பலையும் சொல்லிவிடுகிறேன். மாற்றிய மறுநாள் காலை, வெளியே பனிமூட்டம், உள்ளே அறிக்கை முன்னைவிட மந்தம். பதிப்பு மாற்றும் கருவியான பிஜி_அப்கிரேடு, தேடும் வழியைத் தேர்ந்தெடுக்க உதவும் பழைய புள்ளிவிவரத்தை 17க்குக் கொண்டுவராது; அதைப் புதிதாக எடுக்கும் 'அனலைஸ்' நாமே ஓட்ட வேண்டும். மறந்துவிட்டேன். ஓட்டினேன், சரியானது. 18இல் பெரும்பாலும் இந்த வேலை மிச்சம்.

எண்களைச் சரமாக ஒட்டுவதையும் விட்டுவிட்டு, 'எனி' (ANY) போட்டு ஒரே அரேயாக, அதாவது ஒரே தொகுப்பாக, அனுப்புகிறேன். அரே எவ்வளவு நீண்டாலும் பாராமீட்டர் (கேள்வியோடு தனியாக அனுப்பும் மதிப்பு) ஒன்றுதான். தனித்தனியாக அனுப்பினால் 65,535இல் தடுத்துவிடும்.

எல்லா ரூட்டையும் சேர்த்து ஐந்து வருடக் கணக்கு கேட்டால் மட்டும் இதை நம்புவதில்லை. தற்காலிக டேபிளில் எண்களைக் கொட்டி, 'அனலைஸ்' ஓட்டி, கணக்கு டேபிளோடு இணைக்கும் ஜாயின் போடுகிறேன். அதற்கு 17 வந்தும் பெரிய மாற்றமில்லை.