கிரயப் பத்திரம்: எழுத்தரா, வக்கீலா, இணையதளமா?

தமிழ்நாட்டில் மனை வாங்குகிறவருக்கு முன்பெல்லாம் இந்தக் கேள்வியே எழாது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் பத்திர எழுத்தரிடம் போவார். வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றின் பட்டியல்) போடுவது, பத்திரம் அடிப்பது, சாட்சி பிடிப்பது எல்லாம் அங்கேயே முடியும். 2018 பிப்ரவரியில் பதிவு இணையவழிக்கு மாறியபின் இந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. வில்லங்கத்தையும் வழிகாட்டி மதிப்பையும் (தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் விலை) பட்டாவையும் வீட்டிலிருந்தே காசில்லாமல் பார்க்கலாம். வாசகத்தை ஏஐ எழுதித் தருகிறது. பத்திரம் எழுதுவது மலிந்துவிட்டது, பத்திரம் பார்ப்பது மலியவில்லை. பணத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டியது இந்தக் கணக்கில்தான்.

யாரிடம் போனாலும் மாறாத செலவு ஒன்று உண்டு. வழிகாட்டி மதிப்பு 40 லட்சம், பேசிய விலை அதற்கு மேல் இல்லை என்றால், முத்திரைத் தீர்வை 7 சதவீதம் 2,80,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் 80,000 ரூபாய், ஆக 3,60,000. இதை நீங்களே இணையத்தில் கட்டலாம். "மொத்தமா இவ்வளவு குடுத்துடுங்க, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று யார் சொன்னாலும், அரசுக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

எழுத்தரின் பலம் அந்த அலுவலகத்தைப் பற்றிய பழக்கம். சொத்து விவரத்தில் எதை எப்படி எழுதினால் திருப்பி அனுப்ப மாட்டார்கள், நான்கு எல்லையில் பாதை எந்தப் பக்கம் வர வேண்டும், விரல் ரேகை பதியாத முதியவருக்கு என்ன செய்வது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பலவீனமும் பழக்கம்தான். முந்தைய பத்திரத்தை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி அப்படியே அடிப்பார். அதில் கிழமேல் அளவு தப்பாக இருந்தால் உங்கள் பத்திரத்திலும் தப்பாகவே இறங்கும். பிறகு பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், அதற்கு விற்றவரும் வந்து கையெழுத்திட வேண்டும். பணத்தை வாங்கியவர் இரண்டாம் முறை வருவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. சொத்து மதிப்பில் சதவீதக் கணக்கில் கட்டணம் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 20 லட்ச ரூபாய் மனைக்கும் 2 கோடி ரூபாய் பங்களாவுக்கும் அவர் அடிக்கப் போவது ஏறக்குறைய அதே பக்கங்கள்தான்.

வக்கீலுக்கான இடம் வேறு. வில்லங்கச் சான்று என்ன காட்டாது என்பதைப் புரிந்துகொண்டால் அவர் எதற்கு என்பது விளங்கும். நீங்கள் வாங்கும் மனை சர்வே எண் 112/3பி2 என்று வையுங்கள். அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் மூன்றே பதிவுகள் வரும், சுத்தமாக இருக்கும். ஆனால் உட்பிரிவு செய்த பிறகு பிறந்த எண் அது. அதற்கு முன் நடந்த கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் 112/3 என்ற தாய் எண்ணில் கிடக்கும். நடுவில் கிராமம் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால், பழைய அலுவலகத்தின் பெயரிலும் தனியாகத் தேட வேண்டும். நகரத்தில் பழைய சர்வே எண், நகர அளவை எண், வார்டு, பிளாக் என்று இன்னும் சிக்கல். இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு மனுப் போட வேண்டும்.

சரியாகத் தேடினாலும் பதிவானதுதான் தெரியும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, விட்டுப்போன வாரிசு, கோர்ட்டில் நடக்கும் வழக்கு எதுவும் வராமல் போகலாம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு, 2005-இல் சட்டம் திருத்தப்பட்டபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த கிரயங்களை இது தொடாது. அதற்குப் பிந்தைய கிரயத்தில் மகள்களின் கையெழுத்து இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். இந்துக் குடும்பத்தில் மைனர் பெயரிலிருந்த சொத்தை அவருக்காக அப்பாவோ அம்மாவோ விற்றிருந்தால் நீதிமன்ற அனுமதி இருந்ததா என்று பார்க்க வேண்டும். பவர் (விற்க இன்னொருவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) மூலம் விற்பனை என்றால், பவர் கொடுத்தவர் கிரயத் தேதியில் உயிரோடு இருந்தாரா? இவற்றில் பலவற்றை, தாய்ப்பத்திரங்களின் (சொத்து இதற்கு முன் கைமாறிய பத்திரங்களின்) அசலை வரிசையாக அடுக்கி வைத்துப் படித்தால்தான் பிடிக்க முடியும். ஜெராக்ஸை நம்ப வேண்டாம். அசல் எங்கேயாவது அடகில் இருக்கலாம்.

"பேங்க் வக்கீல் பாத்துட்டாரே" என்பார்கள். அவர் பார்ப்பது வங்கிக்காக, கட்டணத்தை நீங்கள் கொடுத்தாலும். கடன் தொகைக்குச் சொத்து ஈடாகுமா என்பதே அவருடைய கேள்வி. அவர் வங்கிக்கு எழுதித் தரும் கருத்துரையின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் "இன்ன ஆவணம் பெற்றுக்கொள்ளவும்" என்று எழுதியிருக்கும் வரிகளை மட்டுமாவது படியுங்கள். உண்மையான விஷயம் அங்கேதான் இருக்கும்.

இணையச் சட்ட சேவைகளில் விலை முன்கூட்டியே தெரியும், ஸ்கேன் அனுப்பினால் அறிக்கை வரும். வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவருக்கு வசதிதான். ஆனால் பல வார்ப்புருக்கள் மாநிலம் பார்க்காதவை. காதா எண்ணைக் கேட்டால் அது கர்நாடகத்துக்கு எழுதியது, சொசைட்டியின் பங்குச் சான்றிதழைக் கேட்டால் மகாராஷ்டிரத்துக்கு எழுதியது என்று புரிந்துகொள்ளுங்கள். பட்டா, எஃப்எம்பி (நில அளவை வரைபடம்), மனைப்பிரிவு அங்கீகாரம் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லையென்றால் காசு வீண். நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து வக்கீலைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். வக்கீல்கள் விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. இணையதளங்கள் வழியாக வேலை பிடிப்பதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகவே உத்தரவிட்டது. ஏஐ-யைப் பொறுத்தவரை, இருபது பக்க வில்லங்கத்தைப் பட்டியலாக்க அது நல்ல உதவி. கையால் எழுதிய பழைய பத்திரத்தில் மட்டும் நம்பாதீர்கள்: 3-ஐ 8 என்று படித்துவிட்டு, சந்தேகமே காட்டாமல் எழுதிக் கொடுக்கும்.

எங்கள் பரிந்துரை கலப்புதான். வில்லங்கம், பட்டா, வழிகாட்டி மதிப்பை நீங்களே எடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், அதே மாவட்டத்தில் சிவில் வழக்கு நடத்தும் வக்கீலிடம் எழுத்துப்பூர்வமான கருத்துரை வாங்குங்கள். கட்டணத்தை ஒரே தொகையாகப் பேசுங்கள். அட்வான்ஸ் கொடுத்தபின் வக்கீலிடம் போவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. குறை தெரிந்தாலும் பணம் மாட்டிக்கொள்ளும். பத்திரம் அடிப்பதும் பதிவு வேலையும் எழுத்தரிடம் போகட்டும், வரைவை மட்டும் வக்கீல் ஒருமுறை பார்க்கட்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத டிடிஎஸ் (விலையிலிருந்து பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. எழுத்தர் இதை நினைவூட்டுவார் என்று இருக்காதீர்கள். பதிவன்று கையெழுத்துப் போடுமுன் சர்வே எண், அளவு, பெயரின் எழுத்துக்கள் மூன்றையும் ஆதாரோடும் தாய்ப்பத்திரத்தோடும் ஒப்பிட்டு, விரல் வைத்து வரி வரியாகப் படியுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது என்று அவசரப்படுத்துவார்கள், படுத்தட்டும்.