கூரைக்கு டேப்பா, ஸ்க்ரூவா? வாசலுக்கு மூட்டையா, பலகையா?

மலேசியாவில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இழுக்கும். ஜோகூர் மாநிலத்து லாபிஸ்காரர்களுக்கு அந்த மார்ச்சும் கணக்கில் உண்டு; 2023-இல் இந்த வட்டாரத்தை மூழ்கடித்தது மார்ச் மழைதான். தீபாவளிக்குச் சாயம் அடிக்கும் கையோடு மழை வேலையையும் முடித்துவிடலாம். ஆனால் கையில் இருக்கும் வெள்ளியை எதில் போடுவது?

முதலில் கூரை. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தவர்களில் பலர் பின்பக்கம் தகரம் போட்டு அடுப்படியை நீட்டியிருப்பார்கள். ஒழுகலில் பாதி அங்கேதான். பழைய கூரையும் புதிய தகரமும் சேரும் இடம் ஒன்று, ஸ்க்ரூ தலைகள் இன்னொன்று.

ஹார்ட்வேர் கடையில் மூன்று வழி சொல்வார்கள். வாட்டர்புரூஃப் சாயம் பார்க்கச் சுத்தமாக இருக்கும், கூரை முழுக்க அடித்த திருப்தியும் இருக்கும். ஆனால் துருவின் மேல் அடித்தால் துருவோடு சேர்ந்தே உரிந்து வந்துவிடும். என்னைக் கேட்டால் மூன்றில் இதற்குத்தான் கடைசி இடம். அடுத்தது, மேலே அலுமினியத் தாள் போர்த்திய தார் டேப். மூட்டு இடைவெளிக்கு இது நல்ல சாமான். துருவைச் சுரண்டி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அழுத்தி ஒட்ட வேண்டும். மழை விட்ட அரை மணியில் ஏறி ஒட்டினால் வாரத்துக்குள் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

மூன்றாவது வழி, ஸ்க்ரூ மாற்றுவது. தகரத்து ஸ்க்ரூவின் அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வெயிலில் அது வெடித்துப் பொடிந்துவிடும். தகரம் பகலில் விரிந்து இரவில் சுருங்குவதால் ஓட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். பழையதைக் கழற்றி, ஒரு சுற்றுப் பருமனான புது ஸ்க்ரூவை வளையத்தோடு முடுக்கினால் போதும். வளையம் நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு முடுக்கக் கூடாது. செலவு குறைவு, பலன் அதிகம். தண்ணீர் சட்டத்தின் மேலேயே ஓடி வேறெங்கோ சொட்டும் என்பதால், சொட்டும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் பார்க்காமல் கூரைச் சரிவின் மேற்பக்கத்தையும் தேடுங்கள்.

சிலிக்கான் வாங்கினால் டியூபில் நியூட்ரல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வினிகர் வாசம் அடிக்கிற வகை தகரத்தையே அரிக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் துளை போடுவதும் வேண்டாம், ஏறி நிற்பதும் வேண்டாம். அதற்கு ஆள் கூப்பிடுங்கள்.

கூரை ஓரத்தில் மழைநீரை வாங்கிக் கொண்டுபோகும் பீலியைப் பற்றி ஒரே வார்த்தை: சுத்தம். 70 சதுர மீட்டர் கூரையில் 60 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 4,200 லிட்டர் தண்ணீர். இலை அடைத்த பீலி அத்தனையையும் சுவர்ப் பக்கம் தள்ளிவிடும்.

அப்புறம் வாசல். மணல் மூட்டைக்குத் தோட்டத்து உரச் சாக்கே போதும். சாக்கில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் மணல் போட வேண்டும். முட்ட முட்டக் கட்டிய மூட்டை ஒன்றோடொன்று படியாது, இடுக்கில் தண்ணீர் வரும். செங்கல் அடுக்குவதுபோல் மாற்றி மாற்றி வைத்து, தண்ணீர் வரும் பக்கம் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன் அடிப்பக்கத்தை மூட்டைக்குக் கீழே செருகுங்கள். விரிப்பு இல்லாத மூட்டைச் சுவர் கசியத்தான் செய்யும்.

வாசலில் சட்டம் பொருத்திச் செருகும் பலகைக்குச் செலவு பல மடங்கு. தரை சமமாக இல்லாவிட்டால் அடியில் கசியும். ஆனாலும் வீட்டில் தாத்தா பாட்டி இருவர் மட்டும் என்றால் நான் பலகைக்கே கை காட்டுவேன். நடுராத்திரி 20 கிலோ மூட்டைகளை யார் தூக்குவது? இளவட்டங்கள் உள்ள வீட்டுக்கு மூட்டை தாராளம். முழங்காலுக்கு மேல் ஏறும் இடத்தில் இரண்டையும் நம்ப வேண்டாம். சாமான்களை உயரத்தில் ஏற்றி, மெயின் சுவிட்சை அடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மூட்டையும் பலகையும் தடுக்காத வழி ஒன்று உண்டு: குளியலறைத் தரைக் குழி. லோங்காங் (வெளிச் சாக்கடைக் கால்வாய்) நிரம்பினால் தண்ணீர் அந்தக் குழாய் வழியே திரும்பி மேலே வரும். வாசலில் ஒரு சொட்டு இல்லாமல் காத்துவிட்டு, பின்னால் கணுக்கால் அளவு சாக்கடை நீரில் நிற்பவர்கள் உண்டு. குழாயில் தண்ணீரை வெளியே மட்டும் விடும் வால்வு பொருத்துவது நிரந்தர வழி. குழாய்க்காரர் வரும்வரை, கனமான பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பிக் குழி மேல் அழுத்தி வையுங்கள். கழிவறைக் கோப்பைக்கும் அதே வைத்தியம். மூட்டை கட்டும் நாளிலேயே இந்தப் பைகளையும் கட்டிக் குளியலறை மூலையில் போட்டுவிடுங்கள். வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்த பிறகு மணல் தேடி அலைய முடியாது.